வேலைக்குப் போயிட்டா

எனக்கு இரவு வேலை.
அப்போது அங்கே வெயில் ஏறத் தொடங்கியிருக்கும்.
ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லம், இரண்டாம் மாடி,
துணி அடுக்கும் அறை.
சத்தத்தை நிறுத்திவிட்டுக் கைபேசியைத்
துவாய்களின் மேல் சாய்த்து வைக்கிறேன்.

காம்ப் வாசல். நீலத் தறப்பாள்.
கம்பத்தில் கட்டிய மட்டையில் நாள் 97.
நேற்றைய ஆறை வெட்டி ஏழு எழுதியிருக்கிறார்கள்.
பதினாறு பெண்கள், நாலு ஆண்கள்,
வால் அறுந்த ஒரு நாய்.
தவமலர் மச்சாளைத் தேடுகிறேன்.
கறுத்தக் குடை, ஒரு கம்பி முறிந்தது.
அதுதான் அவ.

திரையின் ஓரத்தில் இதயங்கள் மிதந்து ஏறுகின்றன,
இலண்டனிலிருந்து, ஒஸ்லோவிலிருந்து, மெல்பேணிலிருந்து.
ஒன்று அவவின் முகத்தை மறைத்து விலகுகிறது.
நானும் ஒன்று அனுப்பினேன்.
விரல் நோகவில்லை.

முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம்
முக்கால் ஏக்கர், ஒரு கிணறு,
மிஞ்சிய தென்னை எத்தனையோ தெரியாது.
உறுதியில் இருப்பது என் பெயர்.
மாப்பிள்ளை கனடா என்றான பிறகும்
காணி எழுதாமல் பெட்டையை அனுப்பினால்
சனம் என்ன சொல்லும் என்று
அப்பா எழுதித் தந்த சீதனம்.
இப்போது அது என் பேஸ்மென்ட் அலமாரியில்,
பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைகளுக்கும்
கார் இன்சூரன்ஸ் கடிதங்களுக்கும் நடுவில்.
காகிதம் என்னிடம்.
வெயில் அவவிடம்.
அந்த வளவில் மச்சாளுக்கு ஒரு வேலிக்கட்டைகூட உரித்தில்லை.

தறப்பாளுக்குக் காசு அனுப்பியது நான்தான்.
இருநூறு டொலர்.
அதை இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

போன கிழமை கச்சேரியிலிருந்து ஒருவர்
கோப்போடு வந்தாராம்.
கதிரை கொடுத்தார்களாம், இருக்கவில்லையாம்.
பெயர் பெயராய்க் கூப்பிட்டிருக்கிறார்.
என் பெயர் வந்தபோது
கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.
பிறகு மச்சாள் எழும்பி,
குடையை மடக்காமலே,
"அவ வேலைக்குப் போயிட்டா" என்றாவாம்.

பத்தொன்பது வருசம்.

அவரும் அப்படியே எழுதிக்கொண்டாராம்.

அந்த நேரம் நான்
இருநூற்றுப் பதினாலாம் அறையில்
ஒரு கிழவியைப் புரட்டி முதுகு துடைத்துக்கொண்டிருந்தேன்.
பொய்யில்லை மச்சாள் சொன்னது.
அதைத்தான் தாங்க ஏலாமல் இருக்கிறது.
திட்டியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது:
வாடகை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ரிக்கெற் விலை.
மடித்து அடுக்கித்தான் வைத்திருந்தேன்
துவாய்களைப் போல.

காலையில் இறங்கினால்
லோறன்ஸ் வீதி முழுக்க ஸ்னோ.
மேல்வீட்டுச் சொந்தக்காரருக்கு முதுகு நோ.
இன்னொருவரின் காணியை
வாசல் தொடங்கி வீதிவரைக்கும் வழித்தேன்.
நகரசபை வண்டி வந்து, ஆரையும் கேளாமல்,
திரும்பவும் மூடிவிட்டுப் போனது.
திரும்பவும் வழித்தேன்.
இடுப்பில் கை வைத்து நின்றபோது நினைத்தேன்,
இப்படித்தான் போலிருக்கிறது தொண்ணூற்றேழு நாளும்.
உடனே வெட்கமாகவும் இருந்தது.
என் கையில் கையுறை.

மத்தியானம் எழும்பினேன். மச்சாளின் குரல் வந்து கிடந்தது.
"வேலிக்கட்டை ரெண்டு பிடுங்கியிருக்கிறாங்கள் பிள்ளை.
விடப்போறாங்களோ,
புதுக்கட்டை நடப்போறாங்களோ தெரியேல்லை.
நாய் மட்டும் உள்ளுக்குப் போய்
கிணத்தடியில படுத்திட்டு வந்தது."
மூன்றாந்தரம் கேட்கும்போதுதான்
பின்னால் ஆரோ சிரிப்பது கேட்டது.
ஒருவர் இல்லை, மூன்று நாலு பேர்.
இத்தனை நாளில் அவர்கள் சிரித்து
நான் கேட்டதில்லை.

லீவுப் படிவம் பையில் கசங்கிக் கிடக்கிறது.
பெயர் எழுதியாயிற்று. திகதிக்குக் கீழே
பென்சிலால் ஒரு மார்கழி.
காரணம் என்ற பெட்டியில்
குடும்பம் என்று எழுதி வெட்டினேன்.
காணி என்று எழுதினால் மனேச்சருக்கு விளங்காது.
கிணற்றடி என்று எழுதலாம்.
நாய் போய்விட்டு வந்துவிட்டது என்று எழுதலாம்.

இரவு ஒன்பதரை.
அங்கே ஆரோ ஏழை வெட்டி
எட்டு எழுதுகிற நேரம்.
சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு
கதவைத் திறக்கிறேன்.
வேலைக்குப் போகவேணும்.